ஆர்டர் வரும் நேரத்தில் லைன் பிஸி! சிறு தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகும் டெலிபோன் சிஸ்டம் எது?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் வருகிறது கும்மிடிப்பூண்டி. இங்குள்ள சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்காலை, கம்பி ஆலை, வார்ப்படத் தொழிற்சாலை, ரசாயன ஆலை என எல்லாமே உண்டு. இவற்றை நம்பிப் பிழைக்கும் சிறு பட்டறைகளும் ஏராளம். பக்கத்தில் தேர்வாய்கண்டிகை சிப்காட், திருவள்ளூரை ஒட்டி காக்களூர் சிட்கோ என்று மாவட்டம் முழுக்க இதே காட்சிதான்.

இப்படிப்பட்ட சிறு நிறுவனங்களின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். பலவற்றில் இரண்டு, மூன்று மொபைல் எண்கள் இருக்கும். ஒன்று முதலாளியுடையது, இன்னொன்று மார்க்கெட்டிங் பார்ப்பவருடையது, மூன்றாவது கணக்கருடையது. காலை 11 மணிக்கு ஒரு வாடிக்கையாளர் விலை கேட்க அழைக்கிறார். முதலாளி வங்கியில் இருக்கிறார். மார்க்கெட்டிங் ஆள் பைக்கில் போய்க்கொண்டிருக்கிறார். கணக்கரின் போன் வேறு அழைப்பில் இருக்கிறது. அழைத்தவர் புகார் எதுவும் சொல்ல மாட்டார். அடுத்த கம்பெனியின் எண்ணை அழுத்திவிடுவார். தவறிப்போன ஆர்டருக்கு யாரும் ரசீது அனுப்புவதில்லை. அதனால்தான் அந்த நஷ்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

'டெலிபோன் சிஸ்டம் என்றால் பெரிய கம்பெனிகளுக்குத்தானே... நமக்கு எதற்கு அந்தச் செலவு?' என்று நினைப்பவர்கள்தான் அதிகம். பெட்டியின் விலையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கைவிட்டுப் போகும் அழைப்புகளின் விலையையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

ஒரு வெட்டியான் தொழில்காரரின் கோபம்

எண்ணைச் சுழற்றினால் இணைப்பு தானாகக் கிடைக்கும் தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தவர் பொறியாளர் அல்ல. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைத் தொழிலாகச் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர்தான் அவர். அந்தக் காலத்தில் ஒவ்வோர் அழைப்பையும் ஆபரேட்டர்தான் கையால் இணைக்க வேண்டும். தனக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று ஸ்ட்ரௌஜருக்குச் சந்தேகம் வந்ததாகவும், அந்தக் கோபத்தில்தான் ஆபரேட்டரே தேவைப்படாத கருவியை அவர் உருவாக்கியதாகவும் சொல்வார்கள். 1891-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே இண்டியானா மாநிலத்தின் லாபோர்ட் நகரில் அந்த எக்ஸ்சேஞ்ச் வேலை செய்யத் தொடங்கியது.

130 வருடங்களுக்கு முன்பு ஸ்ட்ரௌஜருக்கு வந்த பிரச்னை இன்றைய பட்டறை முதலாளிக்கும் இருக்கிறது. அழைப்பு யார் கையில் போய்ச் சேருகிறதோ, வியாபாரமும் அவர் கையில்தான்.

எண் யார் பெயரில் இருக்கிறது?

சிஸ்டம் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். விசிட்டிங் கார்டில் அச்சடித்த எண் ஊழியரின் சொந்த சிம் என்றால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் வாடிக்கையாளர்களும் அவரோடு போவார்கள். அதில் அவர் தவறு எதுவும் இல்லை. எண் சட்டப்படி அவருடையது.

'நானே என் பெயரில் பத்து சிம் வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறேன்' என்பதும் தீர்வல்ல. தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 மொபைல் இணைப்புகள்தான் இருக்கலாம். நிறுவனத்தின் பெயரில் வணிக இணைப்பாக வாங்குவதே முறை. அப்போதும் அந்த சிம்மைப் பயன்படுத்தப்போகும் ஊழியரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது கட்டாயம். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். தொழில் செய்பவர்கள் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு விஷயம். மொபைல் எண்ணை மாற்றாமலே வேறு நிறுவனத்துக்கு மாறும் வசதி 2011 ஜனவரியிலேயே நாடு முழுக்க வந்துவிட்டது. லேண்ட்லைனுக்கு அந்த வசதி நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே 044-ல் தொடங்கும் எண்ணை வாங்கி பலகை, பில், லாரி என எல்லா இடத்திலும் எழுதுவதற்கு முன்னால், அந்த நிறுவனத்தின் சேவை உங்கள் தெருவில் எப்படி இருக்கிறது என்று பக்கத்து ஷெட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

இருப்பவை நான்கு வழிகள்

1. சாதாரண இபிஏபிஎக்ஸ்: வெளியிலிருந்து வரும் சில லைன்களை உள்ளே பல எக்ஸ்டென்ஷன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி இது. 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷன் கொண்ட சிறிய பெட்டியே பல பட்டறைகளுக்குப் போதும். உள்ளுக்குள் பேசிக்கொள்ளக் காசு கிடையாது. இணையம் படுத்தாலும் கேட், ஸ்டோர்ஸ், ஃபர்னஸ், ஆபீஸ் ஆகியவை ஒன்றோடொன்று பேசும்.

1984-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் சி-டாட் நிறுவனம், ஏசி இல்லாமலே இந்திய வெயிலையும் தூசியையும் தாங்கும் சிறு எக்ஸ்சேஞ்சுகளை வடிவமைத்தது. அந்தத் தொழில்நுட்பம் இந்தியத் தனியார் தயாரிப்பாளர்களுக்கும் கொடுக்கப்பட்டது. உள்நாட்டுப் பெட்டிகளும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் இன்றைக்கு எளிதாகக் கிடைப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

2. ஐபி பிபிஎக்ஸ்: இது கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகவே பேசும் முறை. ஆபீஸில் ஏற்கெனவே லேன் கேபிள் இருந்தால் தனி வயரிங் வேண்டாம். ஊழியரின் ஸ்மார்ட்போனையே ஒரு எக்ஸ்டென்ஷனாக மாற்றலாம். 'ஆஸ்டரிஸ்க்' என்ற மென்பொருளை இலவசமாக இறக்கி, ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரையே எக்ஸ்சேஞ்ச் ஆக்கிவிடவும் முடியும். இதன் பின்னணியும் சுவாரஸ்யமானது. 1999-ல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர் சிறு கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். டெலிபோன் சிஸ்டத்தின் விலை கேட்டார், கட்டுப்படியாகவில்லை. தானே ஒன்றை எழுதி, உலகத்துக்கே திறந்துவிட்டார். மென்பொருள் இலவசம் என்றாலும் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படி ஒருவர் கூப்பிடு தூரத்தில் இல்லையென்றால் இலவசமே செலவாகிவிடும்.

3. கிளவுட் டெலிபோன்: பெட்டியே கிடையாது. ஒரு எண்ணை மாத வாடகைக்குத் தருவார்கள். அழைப்பு வந்தால், 'விற்பனைக்கு 1, கணக்குப் பிரிவுக்கு 2' என்று குரல் ஒலித்து, உரியவரின் மொபைலுக்குப் போகும். யார் எடுத்தார், எது தவறியது என்ற பட்டியலும் முதலாளியின் கையில் இருக்கும். ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர்கள் உள்ள நிறுவனத்துக்கு மிகவும் ஏற்றது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், 'சேவையை நிறுத்தினால் எண் யாருக்கு?' என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. கலப்பு முறை: கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் பல சிறு ஆலைகளுக்குப் பொருந்துவது இதுதான். தொழிற்கூடத்துக்குள் சாதாரண இபிஏபிஎக்ஸ், விற்பனைப் பிரிவின் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் கிளவுட்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் உதாரணத்துக்கு, கிளவுட் வாடகை ஒருவருக்கு மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 பேருக்கு 3 ஆண்டுகளில் 2,16,000 ரூபாய் ஆகிவிடும். வெளியில் பேசவே தேவையில்லாத ஸ்டோர்ஸுக்கும் கேட்டுக்கும் அந்த வாடகை எதற்கு? 3 பேருக்கு மட்டும் எடுத்தால் 54,000 ரூபாயோடு முடிந்துவிடும். எந்த முறையாக இருந்தாலும் பெட்டி, போன்கள், கேபிள், கூலி, மாத வாடகை, பராமரிப்பு ஒப்பந்தம், 18 சதவிகித ஜிஎஸ்டி என எல்லாவற்றையும் சேர்த்து 3 ஆண்டுக் கணக்காகப் பாருங்கள். முதல் நாள் விலை மட்டும் உண்மையைச் சொல்லாது.

எத்தனை லைன் வேண்டும்?

இதற்கு விடை சொன்னவர் ஏ.கே.எர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த டென்மார்க் கணித அறிஞர். எத்தனை லைன் இருந்தால் எத்தனை பேருக்கு பிஸி டோன் கேட்கும் என்பதற்கான அவரது சூத்திரம் 1917-ல் வெளியானது. இன்றும் உலகம் அதைத்தான் பயன்படுத்துகிறது.

ஒரு வாரம் நோட்டுப் போட்டு அழைப்புகளை எண்ணுங்கள். வருவது, போவது இரண்டும் சேர்த்து, அதிக நெரிசலான ஒரு மணி நேரத்தில் 30 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 90 நிமிடப் பேச்சு. '60 நிமிடத்துக்கு ஒரு லைன், ஆக 2 லைன் போதும்' என்றுதான் மனக்கணக்கு சொல்லும். ஆனால், அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லையே! எர்லாங் சூத்திரப்படி 2 லைன் இருந்தால் 100 அழைப்பில் சுமார் 31 அழைப்புகளுக்கு லைன் கிடைக்காது. 3 லைன் இருந்தால் 13. அதுவே 4 லைன் என்றால் 5 அழைப்புகளும், 5 லைன் என்றால் ஒன்றிரண்டும்தான் தவறும். இரண்டு லைனை நான்காக்கினால் நஷ்டம் ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. அதற்கு மேல் கூட்டுவதில் லாபம் குறைவு.

லைன் நான்கு என்றாலும் பலகையில் ஒரே எண் இருந்தால் போதும். முதல் லைன் பிஸி என்றால் அடுத்ததுக்குத் தானாகத் தாவும் 'ஹன்டிங்' வசதியைக் கேட்டு வாங்குங்கள். இணையம் வழியாக வரும் 'சிப் ட்ரங்க்' இணைப்பில் ஒரே எண்ணில் பல அழைப்புகள் ஒரே நேரத்தில் வரலாம். ஒரு அழைப்புக்குச் சுமார் 100 கேபிபிஎஸ் போதும் என்பதால் 10 பேர் ஒரே நேரத்தில் பேச 1 எம்பிபிஎஸ் தாராளம். வேகத்தைவிட, இணைப்பு அடிக்கடி அறுந்துபோகாமல் இருப்பதுதான் முக்கியம்.

கேபிள் போடும்போது கவனம்!

ஆபீஸில் போடுவதுபோல ஃபேக்டரியில் வயரிங் செய்ய முடியாது. லேன் கேபிளின் எல்லை 100 மீட்டர். கேட்டிலிருந்து ஃபர்னஸ் 300 மீட்டர் தள்ளி இருந்தால் ஐபி போனுக்கு நடுவில் ஸ்விட்ச்சோ ஃபைபரோ தேவைப்படும். சாதாரண டெலிபோன் கேபிளோ அந்தத் தூரத்தை எளிதாகத் தாண்டிவிடும். வாங்கும் முன் டேப் எடுத்து அளந்துவிடுங்கள்.

இண்டக்‌ஷன் ஃபர்னஸ், பெரிய மோட்டார்களின் பவர் கேபிளோடு டெலிபோன் கேபிளைச் சேர்த்துக் கட்டினால் போனில் 'கொர்ர்' என்ற இரைச்சல்தான் கேட்கும். தனிப் பாதையில் கொண்டுபோக வேண்டும். மண்ணுக்கடியில் போகும் கேபிள் கவசம் உள்ளதாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை இடிமின்னலில் பெட்டி எரிந்துபோவது சாதாரணமாக நடக்கும் விஷயம். க்ரோன் பாக்ஸில் மின்னல் பாதுகாப்பு மாட்யூலையும், சரியான எர்த்திங்கையும் கேட்டு வாங்குங்கள். புதிய போர்டு வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை.

இயந்திர இரைச்சலில் சாதாரண மணி கேட்காது. அங்கே ஹார்ன் அல்லது சுழல் விளக்கு இணைத்த போன் வேண்டும். கரைப்பான், எரிவாயு புழங்கும் ரசாயன ஆலையின் அபாயப் பகுதிகளில் சாதாரண போனை வைப்பதே ஆபத்து. அங்கே 'பெசோ' அங்கீகாரம் பெற்ற தீப்பொறி வெளியேறாத வகைக் கருவிகளைத்தான் பொருத்த வேண்டும்.

கரன்ட் போனால் போன் என்ன ஆகும்?

பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கம்பி வழியாகவே வரும். அதனால்தான் ஊரே இருட்டாக இருந்தாலும் அந்தக் காலத்து போனில் டயல் டோன் கேட்டது. இன்று வருவது ஃபைபர். கண்ணாடி இழையில் வெளிச்சம் வரும், மின்சாரம் வராது. உங்கள் இடத்தில் கரன்ட் போனால் மோடம் நிற்கும், போனும் நிற்கும்.

2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என இரண்டு புயல்களிலும் சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கரன்ட் போனது; பல இடங்களில் மொபைல் சிக்னலும் போனது. மோடத்துக்கு ஒரு சிறிய யூபிஎஸ், இபிஏபிஎக்ஸ் பெட்டிக்குத் தனி பேட்டரி ஆகியவற்றைச் செலவுப் பட்டியலில் முதலிலேயே எழுதிவிடுங்கள். செம்பு லைன் இன்னும் இருக்கும் இடமென்றால், பெட்டி செயலிழந்தாலும் ஒரு லைனை நேரடியாக ஒரு போனுக்கு இணைத்துவிடும் 'பவர் ஃபெயிலியர் டிரான்ஸ்ஃபர்' வசதி உள்ள மாடலாகக் கேளுங்கள்.

வீட்டிலிருந்து வரும் அழைப்பு

டெலிபோன் என்பது வியாபாரத்துக்கு மட்டுமல்ல. பல ஆலைகளில் உற்பத்திப் பகுதிக்குள் மொபைல் கொண்டுபோக அனுமதி இல்லை. பாதுகாப்பு காரணமாக அது சரியான விதிதான். ஆனால், நைட் ஷிஃப்டில் இருக்கும் ஒருவரின் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தால், வீட்டிலிருப்பவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்பவரின் குடும்பம் எந்த எண்ணை அழைக்கும்?

ஒவ்வொரு தொழிலாளியின் வீட்டிலும் கம்பெனி எண் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். ராத்திரியில் அந்த எண்ணுக்கு வரும் அழைப்பு கேட் செக்யூரிட்டியின் மேஜையில் ஒலிக்க வேண்டும். 'நைட் மோட்' என்ற வசதி சிறிய பெட்டிகளில்கூட உண்டு. அதை யாரும் ஆன் செய்வதில்லை, அவ்வளவுதான். வரவேற்புக் குரலைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் சுருக்கமாகப் பதிவு செய்யுங்கள். ஆந்திர எல்லையில் இது ஆடம்பரம் அல்ல, அவசியம்.

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான ஆலைகள் அவசரகாலத் திட்டம் வைத்திருப்பது அதன்படி கட்டாயமாக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் முதல் வரியே பெரும்பாலும் 'உடனே தகவல் சொல்ல வேண்டும்' என்பதுதான். எஸ்டிடி லாக் செய்த எக்ஸ்டென்ஷனிலிருந்தும் 112, 101, 108 ஆகிய எண்களுக்குத் தடையில்லாமல் அழைப்பு போகிறதா என்று புரோகிராம் செய்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மறக்கக் கூடாத சில்லறை விஷயங்கள்

* 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் பேச முன்னால் 0 சேர்க்க வேண்டும். வெளி லைன் எடுக்கவும் 0 என்று வைத்திருந்தால் இரண்டு முறை 0 அழுத்த வேண்டியிருக்கும். பெட்டியே தானாகச் சேர்க்கும்படி அமைத்துவிடலாம்.

* வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கை லேண்ட்லைன் எண்ணிலேயே தொடங்கலாம். சரிபார்ப்புக் குறியீடு குரல் அழைப்பாக வரும். அந்த நேரத்தில் மட்டும் வரவேற்புக் குரலை அணைத்துவைக்க வேண்டும்.

* ஐபி பிபிஎக்ஸில் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஹேக்கர்கள் உங்கள் லைனில் வெளிநாட்டுக்குப் பேசி, பில்லை உங்கள் தலையில் கட்டுவார்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் அதைப் பூட்டிவிடுங்கள்.

* 'உங்கள் இடத்தில் ஒரு பெட்டி வைக்கிறோம், மாதம் வாடகை தருகிறோம்' என்று யாராவது வந்தால் உஷார்! வெளிநாட்டு இணைய அழைப்புகளை உள்ளூர் அழைப்பாக மாற்றும் 'சிம் பாக்ஸ்' ஆக இருக்கலாம். 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறையோ, 2 கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

* பெட்டியின் புரோகிராமிங் பாஸ்வேர்டு, எந்த எக்ஸ்டென்ஷன் எந்த ஜோடி கம்பியில் போகிறது என்ற வரைபடம் ஆகிய இரண்டையும் வாங்காமல் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவை இல்லாவிட்டால், அடுத்த முறை ஒரு சின்னப் பழுதுக்கும் அதே ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

பொருத்தி முடித்ததும் ஒரு பரீட்சை வைத்துவிடுங்கள். மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து மூன்று பேரை ஒரே நேரத்தில் அழைக்கச் சொல்லுங்கள். மூன்று அழைப்புகளுக்கும் மணி அடிக்க வேண்டும், மூன்றையும் யாராவது எடுக்க வேண்டும். அடுத்து, இரவு 2 மணிக்கு ஒரு முறை நீங்களே அழைத்துப் பாருங்கள். கேட்டில் இருப்பவர் எடுத்து, 'யார் வேணும் சார்?' என்று கேட்டால், கொடுத்த காசு வீண் போகவில்லை என்று நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.